மேஜைக்கேற்ற பெஞ்சு

என் மனைவி எனக்கு வைத்த பட்டப்பெயர் ‘அரை மில்லி’. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுவது என் வேலை. ஃபிரேமுக்குள் உட்காரும் லென்ஸ் அரை மில்லிமீட்டர் பெரிதானால் விரிசல் விடும், சிறிதானால் கழன்று விழும். பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு. அந்தப் புத்தியைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வாள். கழற்றத் தெரிந்தால் கழற்றியிருக்க மாட்டேனா?

எங்கள் வீட்டில் உருப்படியான சாமான் என்றால் அது சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். தேக்கு. ஆறடி நீளம், மூன்றடி அகலம், கீழே போகப் போக மெலியும் நான்கு கால்கள். எட்டு வருடத்துக்கு முன் சொல்லிச் செய்தது. கூடவே நான்கு நாற்காலிகள்: எனக்கு, அவளுக்கு, இரண்டு பையன்களுக்கு. ஒரு பக்கம் சுவரை ஒட்டிப் போட்டிருந்ததால் அந்தப் பக்கம் நாற்காலி வேண்டியிருக்கவில்லை, என் தங்கை வரும்வரை.

தங்கை வந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின், பதினோரு வயது மகள். மகளை எல்லோரும் குட்டி என்றே கூப்பிடுவோம். தங்கையின் புருஷன் வேறொருத்தியோடு குடித்தனம் போய் மூன்று மாதமாகியிருந்தது. ஊரெல்லாம் தெரிந்த பிறகுதான் எங்கள் காதுக்கு வந்தது.

“கொஞ்ச நாள் இங்க இருக்கேண்ணா” என்றாள் வாசலில் நின்று.

நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன். எங்கள் குடும்பத்தில் அதுதான் பதில். அப்பா அம்மா காலத்திலிருந்தே அப்படி. காய்ச்சலில் படுத்தால் மாத்திரையும் வெந்நீரும் தலைமாட்டுக்கு வந்துவிடும்; உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். நானும் தங்கையும் அப்படித்தான் வளர்ந்தோம், நன்றாகத்தான் வளர்ந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்த முதல் இரண்டு நாள் குட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்படியிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டாள். தங்கை, “நீங்க சாப்பிடுங்க அண்ணி, எனக்குப் பசிக்கல” என்று தள்ளித் தள்ளிப் போட்டு, நாங்கள் எழுந்த பிறகு நின்றுகொண்டே நாலு வாய் போட்டுக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தால், மேஜையோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். நீல நிறம். ஒன்றுக்குக் கை ஒடிந்து கம்பி வைத்துக் கட்டியிருந்தது. மனைவி மாடி வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கி வந்திருக்கிறாள். குட்டி ஒன்றில் உட்காரப் போகிறாள், தட்டு கையில்.

“எடு அதை” என்றேன்.

“எதுக்கு?” என்றாள் மனைவி.

“இந்த மேஜைக்கு இதையா போடுவாங்க? அசிங்கமா இருக்கு.”

இரண்டையும் நானே தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தேன். என் கூடப் பிறந்தவளும் அவள் மகளும் என் வீட்டில் இரவல் நாற்காலியில் உட்காருவதா? நான்கு பேருக்குத் தேக்கு, இரண்டு பேருக்குக் கம்பி கட்டிய பிளாஸ்டிக்கா? இதை நான் அங்கே சொல்லவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம்தான் சொன்னேன். கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி நான் சொன்னது இவ்வளவுதான்: “நான் பெஞ்சு செய்யறேன். இந்த மேஜைக்கு மேட்ச்சா. ஒரே மாசம்.”

“எதுக்குண்ணா வீண் சிரமம்? நாங்க எத்தனை நாளைக்கு…” என்று இழுத்தாள் தங்கை.

“செய்யறேன்னா செய்யறேன்.”

எனக்கு மரவேலை தெரியும். ஆசாரி அளவுக்கு இல்லை, ஆனால் வீட்டின் புத்தக அலமாரி, செருப்பு ஸ்டாண்டு எல்லாம் என் கைதான். பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே ஒரு வேலை மேஜை, இழைப்புளி, உளிகள், ஏழெட்டு கிளாம்ப் வைத்திருக்கிறேன். மரக்கடைக்குப் போய் மூன்று பலகையைப் பொறுக்க அரை நாள் ஆக்கினேன். கடைக்காரர் கொட்டாவி விட்டார்.

“சார், பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு நேரம் ஆகாது.”

மேஜையைச் சுவரிலிருந்து இரண்டடி இழுத்துப் போட்டு, சுவர்ப் பக்கம் பெஞ்சு. சாப்பிடாத நேரத்தில் மேஜைக்கால்களுக்கு நடுவே உள்ளே தள்ளிவிடலாம். திட்டம் பிரமாதம். தரையில் குப்புறப் படுத்து, கால்களுக்கு நடுவே டேப்பை நீட்டி அளந்தேன். நூற்று ஐம்பத்துமூன்று சென்டிமீட்டர். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டால் பெஞ்சு நூற்று ஐம்பத்தொன்று. இரண்டு முறை அளந்தேன். இரண்டு முறையும் அதே எண் வந்ததில் ஒரு கர்வம் வேறு.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கால் நான்கையும் மேஜைக்கால் மாதிரியே சரித்து இழைத்து, துளை போட்டு, சட்டங்களின் முனையை நாக்கு மாதிரி சீவிச் செருகிப் பசை வைத்தேன். ஆறாவது வாரம் மனைவியும் நானும் அதைக் கூடத்துக்குத் தூக்கி வந்து மேஜைக்கடியில் தள்ளினோம்.

போகவில்லை. உட்காரும் பலகையின் இரண்டு முனையும் மேஜைக்காலில் இடித்து நின்றது.

டேப்பை எடுத்தேன். தரையில் நூற்று ஐம்பத்துமூன்று, சரிதான். பெஞ்சின் உயரத்தில் நூற்று நாற்பத்தொன்பது. கால் கீழே மெலிந்திருக்கிறது என்றால் மேலே தடித்திருக்கும். அதே காலை நான்கு முறை என் கையால் சரித்து இழைத்திருக்கிறேன், புத்தியில் ஏறவில்லை. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“ஆனைக்கும் அடி சறுக்கும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் அறுத்து விடுங்க, தீர்ந்தது” என்றாள் மனைவி.

“பலகையை மட்டும் அறுத்தா, காலுக்கு வெளிய நீட்டிட்டு இருக்கற பாகம் குறைஞ்சிடும். மேஜைல அது பத்து சென்டிமீட்டர். இதுல எட்டுதான் வரும்.”

“வந்தா?”

“மேட்ச் ஆகாது.”

“யாருங்க டேப்பை எடுத்துட்டு வந்து சாப்பிட உக்காரப் போறாங்க?”

பெஞ்சைப் பின்னால் கொண்டுபோய்ப் பிரித்தேன். பசை வைத்ததைப் பிரிப்பது லேசில்லை. ஒரு சட்டம் பிளந்தே போனது. மறுபடி மரக்கடை, மறுபடி கொட்டாவி.

தங்கை இதற்குள் ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வேலைவிட்டு வருவாள், மனைவிக்கு ஒத்தாசை செய்வாள், மெஷினில் உட்காருவாள். குட்டிக்கு அடுப்படியிலேயே சாப்பாடு முடிந்துவிடும்; இவள் நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு நின்றுகொண்டே சாப்பிடுவாள். நான் அவள் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து பின்பக்கம் போய் உப்புத்தாளைக் கையில் எடுத்தேன். ஒரு தடவை அவளே கேட்டாள்:

“பெஞ்சு எப்பண்ணா முடியும்?”

அன்றைக்குத்தான் உளி நழுவிப் புதுக் காலில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. “முடியும்போது முடியும். உனக்கென்ன அவசரம்?” என்றேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நச்சரிக்காத தங்கை கிடைத்ததே என்று இருந்தேன்.

மூன்றாம் மாதம் பெஞ்சு மறுபடி நின்றது. நின்றது என்பது பேச்சுக்கு, ஆடியது. கூடத்துத் தரைதான் சரியில்லை, ஓடுகள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன என்றேன்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றாள் மனைவி. எட்டு வருடமாக அதே தரையில் நாற்காலிகள் ஆடாமல் நிற்பதையும் சேர்த்துச் சொன்னாள். பெரியவன் சிரித்தான். அவனை ஒரு முறை முறைத்தேன்.

ஒரு காலைக் குறைத்தேன். எதிர்க்கால் ஆடியது. அதைக் குறைத்தேன். முதல் கால் ஆடியது. இப்படியே குறைத்துக்கொண்டு போனால் பலகை தரைக்கு வந்துவிடும் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு, கால் நான்கையும் கழற்றிப் புதிதாகப் போட்டேன். பசை வைத்துக் கிளாம்ப் இறுக்கிவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால், குட்டி பள்ளிக்கூடப் பையோடு பெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். பசை வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

“எழுந்திரு! எழுந்திரு முதல்ல! யாரு உன்னை இதுல உக்காரச் சொன்னது?”

அவள் எழுந்த வேகத்தில் பை கீழே விழுந்து பென்சில்கள் சிதறின. பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் மட்டம் வைத்துப் பார்த்தேன். நல்லவேளை, கால் அசையவில்லை.

பிறகு நிறம். அதைச் சொன்னால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கும். புதுத் தேக்கு மஞ்சளும் பச்சையும் கலந்து திட்டுத்திட்டாக இருந்தது. எட்டு வருட மேஜையோ நல்ல தேன் நிறம். சாயம் கலந்து துண்டுப் பலகையில் பூசிப் பார்த்தேன். முதல் துண்டு சிவப்பு, இரண்டாவது கறுப்பு, மூன்றாவது பகலில் சரியாக இருந்து விளக்கு வெளிச்சத்தில் சாணி நிறமானது. பதினான்கு துண்டுகள் பூசினேன். சின்னவன் அவற்றை வரிசையாக அடுக்கி, “இதுல எதுப்பா அழகா இருக்கு?” என்று வந்தவர் போனவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

மரக்கடைக்காரர்தான் வழி சொன்னார். “சாயத்தைத் தூக்கிப் போடுங்க சார். வெயில்ல வைங்க. தேக்கு தானா நிறம் ஏறும்.”

வெயிலில் வைத்தேன். கடைக்குப் போகுமுன் ஒரு பக்கம், வந்ததும் மறு பக்கம். மழை வந்தால் ஓடிப்போய் மூடச் சொல்லி வீட்டுக்குப் போன் செய்தேன். கைக்குழந்தையைக்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்றாள் மனைவி. அது உண்மைதான். வாரத்துக்கு வாரம் நிறம் ஏறியது. ஐந்தாம் மாதக் கடைசியில், ஒரு ஞாயிறு காலை, பெஞ்சையும் மேஜையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது புது மரம், எது பழைய மரம் என்று தெரியவில்லை. உள்ளே தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போனது. அமுக்கிப் பார்த்தேன், ஆடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. இன்னும் ஒரு பூச்சு பாலிஷ்தான் பாக்கி. மறுநாள் ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

பின்னால் கொண்டுவந்து, துணியைப் பாலிஷில் நனைத்து ஒரு முனையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தேன். தங்கை வந்து நின்றாள்.

“அண்ணா, ஒரு வீடு பாத்திருக்கேன்.”

“யாருக்கு?”

“எங்களுக்குத்தான். ஆறு தெரு தள்ளி. மாடில ஒரு ரூம். சாவி வாங்கிட்டேன்.”

பாலிஷை நடுப்பலகையில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். தெரிந்தும் கை நின்றுவிட்டது.

“ஏன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா? அண்ணி சொன்னாளா?”

“ஐயோ, அண்ணி தங்கம். யாரும் ஒண்ணும் சொல்லல.”

“அப்புறம் என்ன கேடு?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் வந்த மூணாம் நாள் அண்ணி எங்களுக்கு நாற்காலி போட்டாங்க. நீ எடுத்து வெளிய வச்சிட்ட. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுதுண்ணா. பெஞ்சு செய்யறேன்னு சொன்ன, சரி. வாராவாரம் அதுல ஒரு குறை கண்டுபிடிச்ச. செஞ்சதை நீயே பிரிச்ச. எப்ப முடியும்னு கேட்டா எரிஞ்சு விழுந்த. ஒருநாள் குட்டி தெரியாம உக்காந்துட்டா, நீ கத்தின கத்துல அவ அன்னிக்குச் சாப்பிடவே இல்ல. ‘மாமாவுக்கு நாம உக்காந்தா பிடிக்காதாம்மா’ன்னு கேட்டா.”

“அது பசை காயலடி!”

“இருக்கலாம். எனக்கு உன்மேல கோபம் இல்லண்ணா. ‘போ’ன்னு சொல்ல உனக்கு வாய் வராது. அதான் இழுத்துக்கிட்டே போறன்னு நினைச்சேன். அஞ்சு மாசம் பொறுத்ததே பெருசு.”

எனக்கு வந்ததும் கத்தல்தான்.

“போறதுக்கா? நீ இருக்கணும்னுதானடி செஞ்சேன்! இரவல் நாற்காலில உக்காரக் கூடாதுன்னுதான் எடுத்தேன். அந்த மேஜையோட மேஜையா இருக்கணும், உங்க இடம்னு இருக்கணும்னுதான் இவ்வளவு நாள் சாகறேன்!”

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். தங்கை என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“இதை ஏண்ணா என்கிட்ட சொல்லல?”

“செஞ்சுகிட்டுத்தான இருந்தேன்.”

“என்கிட்ட சொன்னாரு. அன்னிக்கே சொன்னாரு” என்றாள் மனைவி, தலையில் கை வைத்துக்கொண்டு. “உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்.”

“இங்கயே இருந்துடு” என்றேன். இரண்டே வார்த்தை. ஐந்து மாதத்தில் எந்த நாளும் சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை வாசலிலேயே சொல்லியிருக்கலாம்.

தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “குட்டிகிட்ட சொல்லிட்டேண்ணா. நமக்குன்னு ஒரு இடம், அங்க உன்னை யாரும் எழுந்திருன்னு சொல்ல மாட்டாங்கன்னு. ரெண்டு நாளா அதையேதான் பேசிட்டிருக்கா. இப்ப போய் இல்லன்னு எப்படிச் சொல்றது?”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அப்பன் சொன்ன வார்த்தை பறந்துபோன பிள்ளையிடம், அம்மா சொன்ன வார்த்தையையும் நான் எப்படி மாற்றச் சொல்வது? பாலிஷ் துணியை விட்டெறிந்தேன். பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தேன்.

“அந்தப் பக்கம் பிடி” என்றேன் மனைவியிடம்.

“ஈரமா இருக்குங்க. பாதிகூடப் பூசலியே!”

“பிடின்னா பிடி.”

இருவரும் தூக்கிக்கொண்டு போய்ச் சுவர்ப் பக்கம் போட்டோம். கை பட்ட இடமெல்லாம் விரல் தடம். மனைவி ஒரு பழைய போர்வையை மேலே விரித்தாள். ஒட்டிக்கொள்ளுமே என்று தயங்கினாள், ஒட்டட்டும் என்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆறு தட்டு வைக்கச் சொன்னேன். குட்டி சுவரோரமாக நின்று பெஞ்சைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

“உக்காரும்மா. இது உனக்குச் செஞ்சது” என்றேன். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தங்கை. மனைவி பரிமாறிவிட்டுத் தன் நாற்காலிக்கு வந்தாள். பையன்கள் சாப்பாட்டில் இறங்கிவிட்டார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே எதிர்ப்பக்கம் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மெதுவான முனகல், ஒரு ராகம் மாதிரி. குட்டிதான். வாய் நிறையச் சோற்றோடு, மூக்காலேயே ஏதோ பாடிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இவ பாடிக்கிட்டேவா சாப்பிடுவா?” என்றேன்.

சின்னவன் என்னை விநோதமாகப் பார்த்தான். “எப்பவுமேப்பா. உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கெல்லாம் அடுப்படில வேலை செய்யும்போது அதுதான் ரேடியோ” என்றாள் மனைவி.

எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறாள். அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அடுப்படி வாசலில் போய் ஒரு நிமிடம் நின்றிருந்தால் போதும், பின்பக்கம் போகிற வழிதான் அது.

பேச்சு தன்னைப் பற்றி என்று தெரிந்ததும் குட்டி பாட்டை நிறுத்திவிட்டாள்.

“நிறுத்தாதே, பாடு” என்றேன். அதுவும் அதட்டலாகத்தான் வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு வண்டி வருதுண்ணா. தையல் மெஷினை மட்டும் நீ கொஞ்சம் பிடிச்சு ஏத்திவிடு” என்றாள் தங்கை.

சரி என்றேன்.